கடற்பாசியும் நன்னீர் மீனும்: பிராண்டே முதல் மன்னார் வளைகுடா வரை

டென்மார்க்கின் யூலாந்துத் தீபகற்பத்தின் நடுவே அமைந்துள்ள பிராண்டே, ஐரோப்பியத் தமிழர் பலருக்கு அபிராமி அம்மன் கோயில் உள்ள ஊராகவே அறிமுகமாகியுள்ளது. 1980களில் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்தோர் ஹேர்னிங், பிராண்டே முதலிய யூலாந்து நகரங்களில் குடியமர்ந்ததன் விளைவு அது. மீன்வளர்ப்புத் துறையினர் அவ்வூரை வேறொரு காரணத்தால் அறிவர். 1962ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ட்ரௌட் மீன் வளர்ப்போர் சிலர் ஒன்றுகூடி, தங்கள் குளங்களுக்கு வேண்டிய தீனியைத் தாங்களே செய்துகொள்வதற்கென அங்கு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று பயோமார் என்ற பெயரில் பல நாடுகளில் ஆலைகளை உடையதாக வளர்ந்திருப்பது அந்நிறுவனமே.

பண்ணைகளில் வளர்க்கப்படும் நன்னீர் மீன்களின் தீனியில் கடற்பாசியிலிருந்து பெறப்படும் பொருள்களைச் சிறிதளவு சேர்த்தால் அம்மீன்கள் நோயை எதிர்த்து நிற்கும் திறன் கூடுமா, கூடுமெனில் எவ்வாறு, எந்த வரம்புக்குள் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு யூலாந்தின் அனுபவமும் தமிழகக் கடற்கரையின் அனுபவமும் ஒருசேர நோக்கப்படுகின்றன. முன்னதில் தீனி ஆலை உண்டு. பின்னதில் பாசியும் ஆய்வும் உண்டு. இவ்விரண்டும் இன்னும் சந்திக்கவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

சொற்கள் பற்றி

முதலில் சொற்சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. பாசி என்ற தமிழ்ச்சொல் மிகப் பரந்தது. குறுந்தொகையில் பசலைக்கு உவமையாக வருவது ஊர்க் கிணற்றின் பாசி, கடலினது அன்று. கழுத்தில் அணியும் மணியும் பாசியே. இலங்கையிலும் தமிழகத்திலும் நோன்புக் காலத்தில் காய்ச்சி உறையவைத்து உண்ணப்படும் கடற்பாசி, செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் அகர். இலங்கைப் பாடநூல்கள் அல்கா என்னும் சொல்லை எடுத்தாள்கின்றன. இக்கட்டுரையில் கடற்பாசி என்பது, கடலில் பாறையையோ பவளத்தையோ பற்றி வளரும், கண்ணுக்குப் புலனாகும் பெரிய பாசிகளை மட்டும் குறிக்கும். அவை பழுப்பு, சிவப்பு, பச்சை என மூவகைப்படும்.

இதனினும் சிக்கலானது நோயை எதிர்க்கும் திறனைக் குறிக்கும் சொல். இலங்கையில் நிர்ப்பீடனம் என்றும், தமிழகத்தின் அண்மைக்காலப் பாடநூல்களில் நோய்த்தடைகாப்பு என்றும், பொது வழக்கில் நோய் எதிர்ப்புச் சக்தி என்றும் வழங்குகின்றனர். மீன்வளர்ப்போர் கையில் கிடைக்கும் துண்டறிக்கைகளில் இவை மூன்றும் கலந்து வருவதால், வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுவதாகப் படிப்போர் எண்ண நேர்கிறது. இங்குத் தடுப்பாற்றல் என்ற ஒரே சொல் ஆளப்படுகிறது.

யூலாந்தில் தீனி முதன்மை பெற்றமை

டேனிய ட்ரௌட் பண்ணை என்பது பெரும்பாலும் ஓர் ஓடையை மறித்து, அதன் நீரை மண் குளங்களின் வழியே ஓடவிட்டு, மீண்டும் ஓடையிலேயே சேர்க்கும் அமைப்பாக இருந்தது. வளர்க்கப்பட்ட மீனும் அந்நாட்டினது அன்று. வட அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட வானவில் ட்ரௌட். நெடுங்காலம் மலிவான கடல்மீனை அரைத்து ஈரமாகவே இட்டு வந்தனர். எஞ்சிய தீனியும் கழிவும் ஓடையில் கலந்தன. பிராண்டே வழியே ஓடும் சிற்றாறு, நீரளவில் டென்மார்க்கின் மிகப்பெரிய ஆறாகிய ஸ்கேர்னில் சேர்வது. ஆகவே மேற்பகுதிப் பண்ணைகளின் கழிவு கீழ்ப்பகுதியாரின் கவலையாயிற்று. உலர்தீனி ஈரத்தீனியின் இடத்தைப் பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

1989-இல் டென்மார்க் அரசு ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு நன்னீர்ப் பண்ணையும் ஆண்டுக்கு இடக்கூடிய தீனியின் அளவுக்கே உச்சவரம்பு விதித்தது. இவ்விதியின் விளைவு நுட்பமானது. தீனியின் அளவு கட்டப்பட்டுவிட்டால், இருக்கும் தீனியிலிருந்து எவ்வளவு மீன் விளைகிறது என்பதே வளர்ப்பவரின் வருவாயைத் தீர்மானிக்கும். மூன்று மாதம் உண்டு வளர்ந்த மீன் நோயால் இறந்தால், மீனோடு அதற்கு இட்ட தீனியின் பங்கும் தொலைகிறது. வரம்பு இருப்பதால் அதை வேறு தீனி வாங்கி ஈடுசெய்யவும் வழியில்லை. எனவே தீனி பசியாற்றினால் மட்டும் போதாது, மீனை நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இயல்பாக எழுந்தது.

மற்றொரு நெருக்கடி மருந்து தொடர்பானது. கால்நடைத் தீனியில் வளர்ச்சிக்கெனச் சேர்க்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளை டென்மார்க் 1995 தொடங்கி ஒவ்வொன்றாக நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான தடை 2006ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அத்தடை மீனுக்காக இயற்றப்பட்டதன்று. எனினும் மருந்தை நாடாமல் விலங்குகளை நோயின்றி வைத்திருக்கும் வழிகளைத் தேடும் ஆய்வுக்கு அது பெரும் ஊக்கம் தந்தது. ஈஸ்ட்டின் செல்சுவர், நன்மை தரும் நுண்ணுயிர்கள், மூலிகைச் சாறுகள், கடற்பாசிகள் ஆகிய யாவும் இத்தேடலில் வந்தவையே.

மீனின் தடுப்பாற்றல்

பாலூட்டிகளைப் போலவே மீனுக்கும் இருவகைத் தடுப்பாற்றல் உண்டு. ஒன்று பிறப்போடு அமைந்தது. எந்தக் கிருமி வந்தாலும் உடனே செயற்படுவது. உடலை மூடியுள்ள கோழை, கிருமிகளின் சுவரைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதி, இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள், கிருமியை விழுங்கிச் செரிக்கும் வெள்ளணுக்கள் ஆகியன இதன் உறுப்புகள். மற்றொன்று கற்றுப் பெறுவது. ஒரு கிருமியைச் சந்தித்த பின் அதற்கேற்ற எதிர்ப்புரதங்களை உண்டாக்கி நினைவில் வைத்திருப்பது. தடுப்பூசி பயன்படுவது இந்த இரண்டாவதைக் கொண்டே.

மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பின்பற்றுவதால், இரண்டாவது வகை மெதுவாகவே விழிக்கிறது. சால்மன் குடும்ப மீன்களில் தடுப்பூசி பலன் தரும் காலத்தைப் பாகை-நாள் கணக்கில் கூறுவர்: நீரின் வெப்பத்தை நாள்களால் பெருக்கினால் ஏறத்தாழ 400 முதல் 500 வரை வரவேண்டும். நீர் 10 பாகை செல்சியசில் இருந்தால் 40 முதல் 50 நாள் ஆகும். யூலாந்தின் குளிர்நீரில் நோய் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. மிகச் சிறிய குஞ்சுகளிடமோ இந்த இரண்டாவது ஆற்றல் முதிர்ந்தே இருப்பதில்லை. அவற்றுக்குப் பிறப்போடு வந்த ஆற்றல் ஒன்றே காப்பு. அதை ஓரளவு முன்கூட்டியே உசுப்பி வைக்க முடியுமானால், குஞ்சுப் பருவத்து இறப்பைக் குறைக்கலாம். கடற்பாசிச் சேர்க்கையின் அடிப்படைக் கருத்து இதுவே.

தீனி வழியே முன்கூட்டிக் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளத்தங்கரையில் நிற்கும் எவரும் அறிந்த காரணம். நோயுற்ற மீன் இரை எடுப்பதில்லை. தீனியில் கலந்த ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தை உண்பது பெரும்பாலும் இன்னும் நலமாயிருக்கும் மீன்களே. நோயுற்றவை உண்ணாமலேயே இறக்கின்றன; மருந்தின் எச்சம் நீரிலும் சேற்றிலும் தங்கி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது.

பாசியின் சர்க்கரைகள்

கடற்பாசி அலையில் கிழியாமல் வளைந்து கொடுப்பதற்குக் காரணம் அதன் செல்களுக்கிடையே உள்ள கூழ்போன்ற நீள்சங்கிலிச் சர்க்கரைகள். பழுப்புப் பாசிகளில் அல்ஜினேட்டு, ஃபியூக்காய்டன், லாமினரின் என்பன முதன்மையானவை. அல்ஜினேட்டைப் பிரித்தானிய வேதியியலாளர் ஸ்டான்ஃபர்டு 1880களில் பிரித்தெடுத்தார். உலர்ந்த பாசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை அதுவே இருப்பதுண்டு. ஃபியூக்காய்டனைச் சுவீடனின் கைலின் 1913-இல் விவரித்தார். சிவப்புப் பாசிகளில் அகரும் கராஜீனனும், பச்சைப் பாசிகளில் உல்வானும் உள்ளன.

இச்சர்க்கரைகளுள் பலவற்றை உடைக்கும் நொதி மீனிடம் இல்லை. உணவு என்ற வகையில் அவற்றின் மதிப்பு குறைவு. ஆனால் குடலின் உட்சுவரில் காவலிருக்கும் வெள்ளணுக்கள் அவற்றை வேறுவிதமாகக் காண்கின்றன. லாமினரின் ஒரு பீட்டா-குளூக்கன். பூஞ்சைகளின் செல்சுவரிலும் இவ்வகைச் சர்க்கரையே உண்டு. மீனின் உடல் தானாக உண்டாக்காத இவ்வடிவத்தைக் கண்டதும் காவலணுக்கள் அந்நியர் நுழைந்ததற்கான குறியாகக் கொள்கின்றன. உண்மையான கிருமி இல்லை. ஆனால் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. விழுங்கும் அணுக்களின் எண்ணிக்கையும் வேகமும் கூடுகின்றன, லைசோசைம் மிகுகிறது, செய்தி கடத்தும் புரதங்கள் சுரக்கின்றன. சல்பேட்டு ஏறிய ஃபியூக்காய்டன் இதே ஆயத்தத்தை வேறு வாயில்கள் வழியே தூண்டுகிறது; அதன் செயல்முறை பாசியின் இனத்திற்கும் சங்கிலியின் நீளத்திற்கும் ஏற்ப மாறுவதால், ஒரு பாசியில் கண்டதை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்வது தவறாகும். செரிக்காத பகுதி குடலின் நுண்ணுயிர்களுக்கு இரையாகி, நல்லவற்றின் பக்கம் சமநிலையைச் சாய்க்கவும் கூடும்.

ஆயத்தத்திற்கும் அழற்சிக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆய்வகங்களில் எலியின் பாதத்தில் செயற்கையாக வீக்கம் உண்டாக்கப் பயன்படுத்துவது இதே கராஜீனனைத்தான். தடுப்பாற்றலைத் தூண்டும் எப்பொருளும் அளவு மீறினால் உடலின் ஆற்றலை வீணே செலவழிக்கும். வளர்ச்சிக்குச் செல்ல வேண்டிய புரதம் போருக்குச் செல்லும்.

ஆய்வுகள் காட்டுவதும் காட்டாததும்

ட்ரௌட் மீனில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று 2002-இல் அபர்டீன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எர்கோசான் என்ற வணிகப்பெயருடைய பழுப்புப் பாசித் தயாரிப்பைச் செலுத்தியபோது, வானவில் ட்ரௌட்டின் வயிற்றறையில் வெள்ளணுக்கள் மிகுந்தன. அழற்சியோடு தொடர்புடைய மரபணுக்களின் செயற்பாடும் உயர்ந்தது. விற்பனைத் துண்டறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடும் செய்தி, அவ்வாய்வில் பொருள் ஊசி மூலம் வயிற்றறைக்குள் செலுத்தப்பட்டது என்பது. ஊசியில் கிடைத்த விளைவு தீனியிலும் கிடைக்கும் என்பதற்குத் தனியே சான்று வேண்டும்.

தமிழகத்தில் இத்துறைக்கு முன்னோடியாக அமைந்தவை மதுரையில் நிகழ்ந்த மூலிகை ஆய்வுகள். ஆர். தினகரன் மைக்கேலும் அவர்தம் மாணவர்களும் துளசி, சீந்தில், கரிசலாங்கண்ணி, தூதுவளை ஆகியவற்றின் சாறுகளை ஜிலேபி கெண்டைக்குக் கொடுத்துத் தடுப்பாற்றலின் மாற்றங்களை அளந்தனர். துளசி பற்றிய கட்டுரை 2000-இலும், கரிசலாங்கண்ணி, தூதுவளை பற்றியவை 2007-இலும் பன்னாட்டு இதழ்களில் வெளிவந்தன. வீட்டுக் கொல்லையின் மூலிகையை இரத்த அளவீட்டின் முன் நிறுத்திய அம்முயற்சி, உரிய கவனம் பெறாத தமிழக அறிவியல் வரலாற்றின் ஒரு பகுதி. அதே குழுவினர் 2016-இல் பாடினா ஜிம்னோஸ்போரா என்னும் பழுப்புக் கடற்பாசியின் நீள்சங்கிலிச் சர்க்கரைகளைச் சாதாக் கெண்டையில் சோதித்தனர். பிறப்போடு அமைந்த தடுப்பாற்றல், கற்றுப் பெறும் தடுப்பாற்றல் இரண்டும் மேம்பட்டதாகவும், வெவ்வேறு நோய்க்கிருமிகளிடமிருந்து மீன்கள் காக்கப்பட்டதாகவும் அவர்கள் அறிவித்தனர். கடற்பொருள் ஒன்று நன்னீர் மீனைக் காத்ததற்குத் தமிழகத்து ஆய்வாளர் தந்த தெளிவான சான்று இது.

மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தார், தமிழகக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் சர்காசம் வைட்டீ என்னும் பாசியையும் அதன் ஃபியூக்காய்டன் செறிந்த சாற்றையும் ரோகு குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்து, வளர்ச்சி, தடுப்பாற்றல், நோய்க்கு எதிரான உயிர்பிழைப்பு ஆகியவற்றை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். இறாலில் இதே பாசியின் ஃபியூக்காய்டன் வெண்புள்ளி நச்சுயிரிக்கு எதிராகப் பயன்பட்டதை 2012-இலேயே இம்மானுவேல் முதலியோர் அறிவித்திருந்தனர். ஆக, தமிழகக் கரையின் பாசிகளைப் பொறுத்தவரை ஆய்வகச் சான்று வலுவானதே.

இவ்வாய்வுகளில் காப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அறிந்தால்தான் அவற்றின் வரம்பு விளங்கும். சில வாரம் சேர்க்கைத் தீனி உண்ட மீன்களுக்கும் வெறுந்தீனி உண்ட மீன்களுக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா போன்ற கிருமியை ஒரே அளவில் செலுத்துவர். வெறுந்தீனித் தொட்டியில் நூற்றுக்கு 80 மீனும் சேர்க்கைத் தொட்டியில் 30 மீனும் இறந்தன என்று வைத்துக்கொண்டால், ஒப்பீட்டு உயிர்பிழைப்பு 62.5 விழுக்காடு. இந்த எண் கவர்ச்சியானது. ஆனால் தொட்டியில் நீர் தூய்மையானது, வெப்பம் நிலையானது, மீன்கள் ஒரே வயதின, கிருமி ஒன்றே ஒன்று. குளத்தில் விடியற்காலை ஆக்சிசன் குறையும், அம்மோனியா ஏறும், நாரையும் நீர்க்காகமும் வரும், பல கிருமிகள் ஒருசேரத் தாக்கும். தொட்டியின் 62.5 குளத்தில் என்னவாகும் என்பதைத் தொட்டி சொல்லாது.

அளவு, காலம், கலப்பு

சேர்க்கை இரு வடிவில் வருகிறது: பாசியை உலர்த்தி அரைத்த தூள்; அதிலிருந்து பிரித்தெடுத்த சாறு. தூள் மலிவு. ஆனால் அதில் உப்பும் நாரும் மிகுதி. கூடுதலாகச் சேர்த்தால் தீனியின் செரிமானம் குறையும். பழுப்புப் பாசிகள் அயோடினையும் கடல்நீரிலிருந்து பன்மடங்கு திரட்டி வைப்பவை. ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி மீனின் முழுத்தீனியில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அயோடின் இருத்தலாகாது. கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் அயோடின் உடைய வடகடல் லாமினாரியாத் தூளை 0.5 விழுக்காடு சேர்த்தாலே அந்த வரம்பு நிறைந்துவிடும். மீன்தூளிலிருந்து வரும் அயோடின் இதற்கு மேல். ஆர்சனிக்குக்கும் தனி வரம்புண்டு: பாசித்தூளில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். கடற்பாசியின் ஆர்சனிக்கு பெரும்பாலும் நச்சுத்தன்மை குறைந்த கரிம வடிவில் இருப்பது. ஆயினும் சர்காசம் பேரினத்தில் விதிவிலக்கு உண்டு. சப்பானியர் ஹிஜிகி என்று உண்ணும் சர்காசம் இனத்தில் நச்சுடைய கனிம வடிவமே மிகுதி என்பதால் பிரித்தானிய உணவுத்தர அமைப்பு அதை உண்ண வேண்டாமென அறிவுறுத்தியது. தமிழகத்துச் சர்காசத்தையும் தொகுதிதோறும் சோதிக்காமல் தீனியில் சேர்ப்பது முறையன்று.

காலத்தைப் பொறுத்தவரை, எப்போதும் இடுவது சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பிழை. இடைவிடாது தூண்டப்படும் காவலணுக்கள் நாளடைவில் மந்தமாகின்றன. சில வாரம் இட்டு, சில வாரம் நிறுத்தி, மீண்டும் இடுவதே பொருத்தம். நோய் வரும் பருவத்திற்குச் சற்று முன்னரே தொடங்குதல் வேண்டும். நோய் தொடங்கிய பின் இடுவதால் பயன் மிகக் குறைவு.

தீனி செய்யும் முறையும் பொருட்படுத்தத்தக்கது. நீராவியும் அழுத்தமும் கொண்டு தீனியைக் குருணையாக்கும் ஆலையில் வெப்பம் 100 பாகையைத் தாண்டும். வைட்டமின் சி-யும் உயிருள்ள நுண்ணுயிர்களும் அங்கே அழியக்கூடும். பாசியின் சர்க்கரைகள் பெருமளவு தாங்கி நிற்கும். அல்ஜினேட்டு குருணையை நீரில் கரையாமல் பிணைக்கவும் செய்யும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து குளத்தில் இடுவோருக்கு நிலைமை வேறு. பிசைந்த தீனியில் கலந்த சாற்றில் ஒரு பங்கு மீனின் வாயை அடையுமுன்னரே நீரில் கரைந்துவிடும்.

எக்ட்வெட்டின் நினைவு

பிராண்டேக்குத் தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் எக்ட்வெட் என்ற சிற்றூர் உள்ளது. வெண்கலக் காலப் பெண்ணொருத்தியின் அடக்கத்தால் தொல்லியலார் அறிந்த அவ்வூர், மீன் மருத்துவத்தாருக்கு ஒரு நோயின் பெயர். ட்ரௌட் மீனின் உள்ளுறுப்புகளில் இரத்தம் கசியச்செய்து பெருவாரியாகக் கொல்லும் நச்சுயிரி நோய், எக்ட்வெட் நோய் என்றே நெடுங்காலம் வழங்கியது. 1960களின் தொடக்கத்தில் டேனிய ஆய்வாளர் அதன் நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். 1965 முதல் ஒழிப்புத் திட்டம் நடந்தது. 2013-இல் டென்மார்க் முழுவதும் அந்நோய் அற்றதாக அறிவிக்கப்பட்டது.

அந்த வெற்றியைத் தந்தது எந்தத் தீனிச் சேர்க்கையும் அன்று. நோயுற்ற பண்ணையைக் காலிசெய்தல், குளத்தை உலர்த்திக் கிருமிநீக்கம் செய்தல், நோயற்ற இடத்திலிருந்தே குஞ்சு வாங்குதல், தொடர்ந்து சோதித்தல் என்ற சலிப்பூட்டும் ஒழுங்கே ஐம்பதாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் அதைச் சாதித்தது. கடற்பாசியின் பெருமையை எடுத்துரைப்போர் இதனை மறத்தல் கூடாது. 1987ஆம் ஆண்டு திசம்பரில் இலங்கையிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் நுழைந்து விரால் முதலிய மீன்களின் உடலைப் புண்ணாக்கிய கொள்ளைநோயும் நீர்ப்பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வந்தது; அது குளத்திற்குக் குளம் பரவியது நீரும் மீனும் கட்டுப்பாடின்றி இடம்பெயர்ந்ததால். அத்தகைய நோயின் முன் சேர்க்கைத் தீனி துணைக்காவலே.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்போர்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பாம்பன் வட்டாரப் பெண்கள் அத்தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில் மூழ்கிப் பாசி எடுத்துவருகின்றனர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கிக் கையாலேயே பறிப்பர். அகர் தரும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, அல்ஜினேட்டு தரும் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என அவர்கள் வழங்கும் பெயர்கள் அறிவியற் பெயர்களுக்கு நேராக நிற்கின்றன: கட்டக்கோரை சர்காசம், பக்கோடா டர்பினேரியா, மரிக்கொழுந்து ஜெலிடியெல்லா, கஞ்சிப்பாசி கிராசிலேரியா. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இப்பெயர்களைக் கேட்டறிந்து பதிவுசெய்திருந்தால் பல செயற்கைச் சொற்கள் தேவைப்பட்டிரா. பூங்கா விதிகளால் அவர்தம் தொழிலுக்கு நெருக்கடி வந்தபோது, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பறிப்பதென்ற கட்டுப்பாட்டை அவர்களே ஏற்றுக்கொண்டனர்.

கடற்பாசித் தீனிச் சேர்க்கைக்குச் சந்தை உருவானால் முதலில் இடர்ப்படுவது இந்த ஏற்பாடே. ஆய்வகச் சான்று மிகுதியாக உள்ளது கட்டக்கோரைக்கு. அது பயிரிடப்படுவதன்று, தீவுப் பாறைகளிலிருந்து பறிக்கப்படுவது. தேவை பெருகினால் பன்னிரண்டு நாள் கட்டுப்பாடு நிற்குமா என்பது ஐயமே. இளமீன்களுக்குக் கட்டக்கோரைப் படுகைகள் புகலிடமாகவும் உள்ளன. நன்னீர்க் குளத்து மீனை நோயிலிருந்து காக்கக் கடல்மீனின் தொட்டிலைக் கலைப்பது நல்ல வணிகமாகாது.

பயிரிடக்கூடிய பாசியாக 1990களில் மண்டபத்திற்குக் கொணரப்பட்ட கப்பாஃபைகஸ், கராஜீனன் தருவது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெப்சிகோ நிறுவனம் அதன் ஒப்பந்தச் சாகுபடியைத் தொடங்கியதால் மக்கள் அதைப் பெப்சிப் பாசி என்றே அழைக்கலாயினர். மூங்கில் தெப்பங்களில் 45 நாளில் அறுவடைக்கு வரும் அப்பாசி பல குடும்பங்களுக்கு வருவாய் தந்தது. ஆனால் 2008-இல் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் அது படர்ந்து மூடியிருப்பதாக ஆய்வாளர் அறிவித்தனர். 2013க்குப் பின் கடல்நீரின் வெப்பமும் நோயும் தாக்க, விளைச்சலும் சரிந்தது. மீனின் நோய்க்கு மருந்தெனக் கருதப்படும் குடும்பத்துப் பாசி தானே நோய்வாய்ப்பட்டது.

ஆயினும் அப்பயிரில் ஒரு வாய்ப்பு உள்ளது. பாவ்நகரின் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் வகுத்த முறைப்படி, பறித்த ஈரப் பாசியைப் பிழிந்தால் சாறு பயிர் ஊக்கியாகவும் சக்கை கராஜீனனுக்கும் செல்கின்றன. அச்சக்கையின் ஒரு பகுதியையோ கராஜீனன் எடுத்தபின் எஞ்சுவதையோ மீன்தீனிக்கு ஆராய்ந்தால் காட்டுப்பாசியின் மேல் சுமை ஏறாது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா, இவ்வகை ஆய்வுக்கு இடமளிக்குமானால் பொருத்தமாகும்.

இடையில் இல்லாதது

பாசி உண்டு, அதை அறிந்த பெண்கள் உண்டு, ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. டெல்டா மாவட்டங்களிலும் வன்னிக் குளங்களிலும் மீன் வளர்ப்போர் உண்டு. இவர்களுக்கிடையில், 1962-இல் ட்ரௌட் வளர்ப்போர் தமக்கெனத் தொடங்கிய வகையிலான தீனி ஆலை இல்லை. அந்த ஆலையின் சிறப்பு அதன் எந்திரத்தில் இருந்ததைவிட உரிமையில் இருந்தது. தீனி வாங்குபவரே உரிமையாளராயிருந்தபோது, எந்தக் கலவை எந்தக் குளத்தில் என்ன செய்தது என்ற செய்தி ஆலைக்கு உடனுக்குடன் திரும்பிவந்திருக்கும். தொட்டி ஆய்வு விடையளிக்காத வினாவுக்கு இத்தகைய சுற்றில்தான் விடை கிடைக்கும்.

மீன்வளர்ப்போர் கூட்டுறவு ஒன்று தன் உறுப்பினரின் குளங்களில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதனைத் தொடங்கலாம். ஒரே குஞ்சுப் பொரிப்பகத்துக் கெண்டைகள், ஒரே இருப்படர்த்தி. ஐந்து குளத்திற்கு வெறுங்குருணை, ஐந்திற்குப் பாசிச் சாறு சேர்த்த குருணை. எந்தக் குளத்திற்கு எது என்பதை இடுபவர் அறியாதவாறு பைகளுக்குக் குறியெண் மட்டும். வடகிழக்குப் பருவமழையில் நீர் குளிர்ந்து புண்நோய் தலைகாட்டுவதற்கு முன், புரட்டாசி நடுவில் தொடங்கி மூன்று வாரம் இடுதல், ஐப்பசியில் நிறுத்துதல், கார்த்திகையில் இரண்டு வாரம் மீண்டும் இடுதல். இறந்த மீனின் எண்ணிக்கை நாள்தோறும், மாதிரி மீனின் எடை மாதந்தோறும் ஒரே ஏட்டில் எழுதப்படல் வேண்டும். பாசித்தொகுதி ஒவ்வொன்றுக்கும் அயோடின், ஆர்சனிக்கு அளவு சோதிக்கப்பட வேண்டும். சோதனை முடிந்து பை விற்பனைக்கு வருமானால், அதன்மேல் தமிழில் அச்சிட வேண்டியவை நான்கு: பாசியின் பெயர், மண்டபத்துப் பெண்கள் சொல்லும் பெயரும் சேர்த்து, அது பயிரிட்டதா பறித்ததா என்பது, கிலோவுக்கு அயோடின் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் இட்டு எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பது.